சிங்கப்பூர் – நியூயார்க்: கணக்கில் 17 மணி நேரம், டிக்கெட்டில் வேறு

வணக்கம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு 15,349 கி.மீ., மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் ஜூலையில் இரவு 11:35 புறப்பாடு, மறுநாள் காலை 6:15 வருகை என்றிருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள்.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். கடிகார வித்தியாசமான 6:40-உடன் 12-ஐக் கூட்டினால் 18 மணி 40 நிமிடம். அதுதான் பயண நேரம். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும், அப்போது 13-ஐக் கூட்ட வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

15,349 என்பது உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோடு. அது வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானம் அதில் போக வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் பசிபிக் மேலாக, மிக உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு சுற்றிப் போகும். தூரம் கூடினாலும் அன்றைய காற்றுக்கு அதுவே லாபமாக இருக்கும். அதனால் பாதை நாளுக்கு நாள் மாறும். தரையில் ஊர்ந்து போகும் நேரமும் அட்டவணையில் சேர்த்தி.

அங்கிருந்து உள்நாட்டு விமானம் தனி டிக்கெட்டா? 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுத்து மறுபடி போடுவது, பாதுகாப்புச் சோதனை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.