பெட் ஸ்கேனில் நெறிக்கட்டி ஒளிர்ந்தால் புற்றுநோய் பரவிவிட்டது என்று அர்த்தமா?

அப்பாவுக்கு வலது நுரையீரலில் 2 செ.மீ. கட்டி, பயாப்சியில் புற்று என்று வந்துவிட்டது, பெட் சிடியில் நெஞ்சின் நடுவே ஒரு நெறிக்கட்டியும் ஒளிர்கிறது, இனி ஆபரேஷன் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு இடிந்துபோய் உட்காருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த நெறிக்கட்டியிலிருந்து ஊசியில் சதை எடுத்துப் பார்க்கும்வரை எதையும் முடிவு கட்டாதீர்கள்.

பெட் ஸ்கேனுக்கு முன் நாங்கள் ஊசியில் ஏற்றுவது எஃப்டிஜி. குளுக்கோஸ் மாதிரியான ஒரு பொருளில் கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்த்தது. சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல் எதுவானாலும் படத்தில் பளிச்சென்று தெரியும். (நடந்தாலோ பேசினாலோ தசையும் இழுக்கும், அதனால்தான் ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்கிறோம். யாரும் கேட்பதில்லை, போனில் பேசிக்கொண்டே இருப்பார்கள்.) புற்றுசெல் நிறைய இழுக்கும், சரி. கிருமியை எதிர்க்கத் திரளும் வெள்ளை அணுக்களும் இழுக்கும். காசநோய், சார்காய்டோசிஸ் (புற்று அல்லாத ஓர் அழற்சி நோய்), கல் உடைக்கும் இடங்களில் வருஷக்கணக்கில் சுவாசித்த சிலிக்கா தூசு, எல்லாமே நெஞ்சு நெறிக்கட்டிகளை ஒளிர வைக்கும். காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள நம் நாட்டில் இதை லேசாக விட முடியாது. எஸ்யூவி (அந்த இடம் எவ்வளவு இழுத்தது என்று காட்டும் எண்) 2.5-க்கு மேல் போனாலே புற்று என்று சிலர் சொல்வார்கள். காசநோய் நெறிக்கட்டியில் அதைவிட அதிகமாகவே வரும்.

அதற்காக ஸ்கேன் வீண் என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் 188 நோயாளிகளை வைத்து நடந்து, 2002-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பெட் சேர்த்துப் பார்த்தபோது நெஞ்சைத் திறந்தும் பலனில்லாமல் போன ஆபரேஷன்கள் 41 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தன. வெறும் சிடியில் அளவை மட்டும்தான் பார்க்க முடியும். குறுக்களவு 1 செ.மீ. தாண்டினால் சந்தேகம், அவ்வளவுதான்.

ஒளிராத நெறிக்கட்டியையும் எப்போதும் நம்ப முடியாது. சில மில்லிமீட்டர் அளவில் ஒட்டியிருக்கும் புற்று படத்தில் சிக்காது. கட்டி 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ நுரையீரலின் நடுப்பக்கம் இருந்தாலோ, ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் நெறிக்கட்டியைச் சோதிக்கச் சொல்வார்கள்.

அப்புறம், எந்த இடத்து நெறிக்கட்டி என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். புற்று எந்த நெறிக்கட்டி வரை போயிருக்கிறது என்பதை என்1, என்2, என்3 என்று பிரிப்பார்கள். நுரையீரலின் வேர்ப்பகுதியில் இருந்தால் என்1, அது மட்டும் ஆபரேஷனைத் தடுக்காது. நடு நெஞ்சில் கட்டி இருக்கும் அதே பக்கம், அல்லது மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்குக் கீழே (7 என்று போட்டிருக்கும்) என்றால் என்2. அதில் புற்று உறுதியானால் பெரும்பாலும் மருந்து சிகிச்சையும் சேரும், சிலருக்கு ஆபரேஷனே வேண்டாம் என்பார்கள். எதிர்ப்பக்கம் என்றால் என்3, அதற்குப் பொதுவாக ஆபரேஷன் செய்வதில்லை.

உங்கள் டாக்டரிடம் 'ஈபஸ்' பற்றிக் கேளுங்கள். வாய் வழியே குழாய் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுப்பார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். எடுத்த சதையைப் புற்றுக்கு மட்டும் பார்க்காமல் காசநோய் சோதனைக்கும் அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள், இன்னொரு தடவை ஊசி போடுவதைத் தவிர்க்கலாம்.