பெங்களூரில் வீட்டுக்கு எந்த பிராட்பேண்ட் வாங்கலாம்? முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள்

கேள்வி: திருச்சியிலிருந்து பெங்களூரு ராமமூர்த்தி நகருக்குக் குடிவந்திருக்கிறோம். நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். வேகம், தடையில்லாமை, வாடிக்கையாளர் சேவை ஆகிய மூன்றையும் பார்த்தால் எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பை வாங்குவது நல்லது?

பதில்:

நான் பெங்களூருக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. காக்ஸ் டவுனில் ஒரு வாடகை வீடு, பானஸ்வாடியில் இன்னொன்று, இப்போது ஹொரமாவில் சொந்த வீடு என்று மூன்று வீடுகளில் மூன்று நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். 2020-இல் ஊரடங்கு வந்து, என் அலுவலகமும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே ரௌட்டரை நம்பி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, இணைப்பு போன நேரம், திரும்பி வந்த நேரம், போனதற்கான காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன். எனக்கு நேர்ந்த குறைகளைச் சொல்லும் இடங்களில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காக்ஸ் டவுனில் என்னைப் பாடாய்ப் படுத்திய அதே நிறுவனத்தின் இணைப்பு, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் மைத்துனர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது என்பதால், பெயரைச் சொன்னால் அது உங்களைத் தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும். நகரம் முழுவதற்கும் சிறந்த நிறுவனம் என்று ஒன்று கிடையாது. உங்கள் தெருவுக்கும் உங்கள் கட்டடத்துக்கும் எது ஒழுங்காக வருகிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

வேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மூன்றில் அதுதான் எளியது. 2023 ஜனவரியில் மாற்றப்பட்ட அரசின் வரையறைப்படி, குறைந்தது 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட்; அதற்கு முன்பு அந்த எல்லை 512 கேபிபிஎஸ், அதாவது அதில் ஏறத்தாழ கால் பங்காகவே இருந்தது. ஆகவே அந்தச் சொல்லை நம்பி எதையும் வாங்க முடியாது. மறுபக்கம், விளம்பரங்களில் வரும் 300, 500, 1000 என்ற எண்களும் உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாது. துல்லியமான காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் போதும்; 4கே தரத்தில் படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ் தான். இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டுக்கு, மாலையில் ஒரு டிவியும் ஓடினால்கூட, 100 எம்பிபிஎஸ் தாராளம். கோப்பு இறங்கும் வேகத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் மட்டுமே. விளம்பரம் பிட்டில் பேசுகிறது, உங்கள் கணினி பைட்டில் காட்டுகிறது; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரவு ஒன்பது மணி வேகத்தை. வீடு வரை ஃபைபர் என்ற கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுவரும் நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஜிபான் என்ற அமைப்பில், சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) திறன் கொண்ட ஒரு இழையை ஒரு ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். ஒரே இழையில் உள்ள வீடுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தங்கள் முழு வேகத்தையும் இழுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பகல் பதினொரு மணிக்கு இணைப்பைப் பொருத்திவிட்டு, கைபேசியில் வேகப் பரிசோதனையைக் காட்டி, "பாருங்க சார், 100 வருது" என்று சொல்லிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அந்தப் பரிசோதனைச் செயலி பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள் இருக்கும் சர்வரையே தேர்ந்தெடுக்கும் என்பதால், அது காட்டும் எண் அலுவலக வலையமைப்போடு உங்களை இணைக்கும் விபிஎன் எப்படி ஓடும் என்பதைச் சொல்லாது. மும்பையிலோ சென்னையிலோ உள்ள வேறு நிறுவனத்தின் சர்வரை நீங்களாகவே தேர்ந்தெடுத்து, மடிக்கணினியை லேன் கேபிளில் இணைத்து, மூன்று இரவுகள் அளந்து பாருங்கள். படுக்கையறையில் வைஃபையில் அளந்துவிட்டு நிறுவனத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. பானஸ்வாடி வீட்டில் 200 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியும் 95-ஐத் தாண்டவில்லை என்று இரண்டு வாரம் சண்டை போட்டேன். கடைசியில், சுவருக்குள் ஓடிய லேன் கேபிளில் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் கனெக்டரில் பொருத்தியிருந்தது தெரியவந்தது. நான்கு கம்பிகளில் 100-க்கு மேல் போகவே போகாது.

இனி, நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். என் நோட்டில் எழுதியிருக்கும் காரணங்களில் பெரும்பங்கு ஒன்றே ஒன்றுதான்: கேபிள் அறுந்தது. பெங்களூரில் ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போன்ற சில சாலைகளில் டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் கேபிள்களுக்கென்று நிலத்தடியில் குழாய்கள் அமைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் வசிக்கும் தெருக்களிலோ, கறுப்பு ஃபைபர் கேபிள்கள் மரத்திலிருந்து மின்கம்பத்துக்கும் மின்கம்பத்திலிருந்து அடுத்த வீட்டு மாடிக்கும் தாவிப் போகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்துக் கோடை மழை அடிக்கும்போது ஒரு கிளை முறிந்தால் போதும், தெருவுக்கே இணையம் போய்விடும். மின்கம்பங்களில் அனுமதியின்றித் தொங்கும் கேபிள்களை மின்விநியோக நிறுவனமான பெஸ்காமும் மாநகராட்சியும் அவ்வப்போது வெட்டி எடுக்கின்றன. நடப்பவர்களின் உயிருக்கு ஆபத்து என்பதால் அது நியாயமான நடவடிக்கைதான், ஆனால் அன்றைக்கு உங்களுக்கு அலுவலகக் கூட்டம் இருக்கும்.

ஒருமுறை அப்படி அறுந்தபோது நான் லைன்மேனுடன் தெருவிலேயே நின்றிருந்தேன். கிருஷ்ணகிரிக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. ஏணியில் ஏறி அறுந்த இரண்டு முனைகளையும் இறக்கிக்கொண்டு வந்து, மேல்தோலை உரித்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இழைகளை ஒட்டும், டிபன் டப்பா அளவுள்ள ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் எதிரெதிராக வைத்தார். அந்தக் கண்ணாடி இழையின் மொத்த விட்டமே 125 மைக்ரான். அதற்குள் ஒளி ஓடும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான் மட்டுமே. சிறிய திரையில் இரண்டு முனைகளும் தூண்களைப் போலப் பெரிதாகத் தெரிந்தன. ஒரு மின்பொறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. "அண்ணா, கம்பெனில ஒண்ணும் பிரச்சினை இல்ல. இந்தக் கம்பத்துலதான் பிரச்சினை. இந்த வருஷத்துல இங்க மட்டும் நாலு தடவை வந்துட்டேன்" என்றார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கேபிள் எந்த வழியாக வருகிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். அன்று அந்த லைன்மேன் பிறகு வீட்டுக்குள் வந்து மீட்டரை வைத்துப் பார்த்ததில், ஒளியின் வலிமை மைனஸ் 21 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) என்று காட்டியது. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நலம். மைனஸ் 27-க்கும் கீழே போனால் இணைப்பு விட்டு விட்டு வரும். உங்கள் வீட்டில் இணைப்புக் கொடுக்கும் நாளில் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால், அழைப்பு மையத்தில் யாரும் மறுக்க முடியாத சான்று அதுதான்.

மின்தடையும் சேர்ந்த கதை இது. சில இடங்களில் ஃபைபர் கட்டடம் வரை மட்டுமே வந்து, அங்கிருந்து, இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் சுவிட்ச் என்ற கருவி வழியாக சாதாரண லேன் கேபிளில் வீட்டுக்கு வரும். அந்த சுவிட்சுக்கு பேக்கப் இல்லையென்றால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் இணையம் இருக்காது. வீட்டு உள்வரை ஃபைபர் வந்தால் இந்தச் சிக்கல் குறைவு. ரௌட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தாலே சில மணி நேரம் சமாளிக்கலாம்.

பெயர்களுக்கு வருகிறேன். பெங்களூரில் ஏசிடி, ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல் ஆகியவை பலருடைய பட்டியலிலும் வரும்; இவற்றைத் தவிர ஹாத்வே, டாடா பிளே, எக்சைட்டெல் என்று இன்னும் சில உண்டு. ஏசிடியின் தலைமையகமே பெங்களூருதான். பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல இடங்களில் உள்ளூர்க் கூட்டாளிகள் வழியாகவே தருகிறார்கள், ஆகையால் அந்தக் கூட்டாளி யார் என்பதைப் பொறுத்தே அது நன்றாகவோ மோசமாகவோ அமையும். விலையில் பெரிய வேறுபாடு கிடையாது. ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், 699-க்கு 100 எம்பிபிஎஸ் என்று நிர்ணயித்த பிறகு மற்றவர்களும் அதைச் சுற்றியே விலை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால் 699 என்பது உங்கள் பில்லில் ஏறத்தாழ 825 ஆகிவிடும். அன்லிமிடெட் என்ற பிளான்களிலும் மாதம் 3,300 ஜிபி போன்ற ஓர் எல்லை இருக்கும். இரண்டு பேர் உள்ள வீடு அதை எட்டுவது அரிது.

2023-இல் வந்த ஏர்ஃபைபர், 5ஜி கோபுரத்திலிருந்து காற்றுவழியாக வருவது. கோபுரத்தில் கூட்டம் கூடினால் வேகம் இறங்கும் என்பதால், ஃபைபர் கிடைக்கும் வீட்டில் அதை முதன்மை இணைப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது இணைப்பு வேண்டுமென்றால் மட்டும் அதுதான் சரி. நான் ஒரு காலத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபரை வாங்கி வைத்து நிம்மதியாக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மணல் லாரி ஒன்று தெருவுக்குள் திரும்பியபோது, ஒரே கம்பத்தில் வந்த இரண்டையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிட்டது.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றி வரும் நட்சத்திர மதிப்பெண்களை நான் நம்புவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. மதிப்பெண் போடச் சொல்வது இணைப்புப் பொருத்திய அன்று, வந்தவர் எதிரிலேயே நிற்கும்போது. கோளாறு நேர்ந்தால் நடப்பது வேறு. என் மகளுக்கு இணையவழித் தேர்வு இருந்த வாரத்தில் நான்கு நாள் இணைப்பு இல்லை. மூன்றாம் நாள் அழைப்பு வந்தது: "உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொன்னால் ஆளை அனுப்புகிறோம்." சொன்னேன். அந்த எண் புகார் தீர்ந்துவிட்டது என்பதற்கான ஒப்புதல். ஆள் வரவில்லை, புகார் மட்டும் மூடப்பட்டது. ரௌட்டரில் விளக்கு பச்சையாக எரிந்து நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கும் வரை அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோளாறு மூன்று வேலைநாட்களுக்கு மேல் நீடித்தால் 7 நாள் வாடகையும், 7 நாளைக் கடந்தால் 15 நாள் வாடகையும், 15 நாளைக் கடந்தால் ஒரு மாத வாடகையும் கழிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-லேயே விதித்தது. பழைய விதிகளைத் தொகுத்து 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த புதிய விதிகளிலும், மூன்று நாளுக்கு மேல் தீராத கோளாறுக்கு இழப்பீடு உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை. புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டபோது எனக்குக் கிடைத்தது. தீர்வு சரியில்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர்கள் 39 நாளுக்குள் பதில் தர வேண்டும். தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை, ஆகவே அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் பயன்படும்.

ஆகவே நீங்கள் இந்த வாரம் செய்யக்கூடியது இதுதான். கீழ்வீட்டிலும் மேல்வீட்டிலும் எந்த இணைப்பு இருக்கிறது, கடந்த மழைக்காலத்தில் எத்தனை நாள் போனது, ஆள் வர எவ்வளவு நேரம் ஆனது என்று கேளுங்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரையும் கேளுங்கள். இணையம் போனால் அவருக்கு வியாபாரமே போய்விடும் என்பதால் அவர் துல்லியமாகச் சொல்வார். பொருத்த வரும் லைன்மேன் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்று விசாரியுங்கள். அரை மணி நேரத்தில் வரக்கூடிய தூரத்தில் ஆள் இருக்கும் நிறுவனத்தையே, அதன் பிளான் நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், நான் தேர்ந்தெடுப்பேன். ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ கட்டினால் பொருத்தும் கட்டணம் இல்லை, ரௌட்டர் இலவசம் என்றெல்லாம் சொல்வார்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். ராமமூர்த்தி நகரில் எந்த லேஅவுட் என்று கீழே எழுதினால், அங்கே குடியிருக்கும் என் நண்பர்கள் இருவரிடம் அவர்கள் கட்டடத்தில் எது எப்படி ஓடுகிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.