அரியர் தடுக்காது, வருகைக் குறைவு தடுக்கும்: பொறியியல் மாணவர்களுக்கான கேள்வி பதில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். படிப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் தருகிறோம். படிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எந்த விதிமுறை உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள் சேர்ந்த ஆண்டுதான் தீர்மானிக்கும். 2017 முதல் 2020 வரை சேர்ந்தவர்களுக்கு 2017 விதிமுறை. 2021-ல் சேர்ந்தவர்களிலிருந்து 2021 விதிமுறை தொடங்குகிறது. சீனியர் சொன்ன கணக்கு ஜூனியருக்குப் பொருந்தாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

*

என் மகன் மூன்றாம் செமஸ்டர் படிக்கிறான். மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. இதுவரை நடந்த 340 பீரியடில் 241-க்குத்தான் போயிருக்கிறான். ஒரு லேபில் 60 சதவீதம்கூட இல்லை. இன்னும் 60 பீரியட் பாக்கி இருக்கிறது. ஹால் டிக்கெட் கிடைக்குமா?
ஒரு தாய், நாமக்கல்

லேப் 60 சதவீதம் என்பதை முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. பாடவாரியாகப் பார்ப்பதில்லை. அந்த செமஸ்டரின் எல்லாப் பாடங்களையும் சேர்த்து மொத்த வருகைதான் கணக்கு. 75 சதவீதம் வேண்டும். கிட்டிய முழு எண்ணுக்குத் திருத்திப் பார்ப்பதால் 74.5 வந்தாலே 75 ஆகிவிடும்.

செமஸ்டர் முடியும்போது மொத்தம் 400 பீரியட் நடந்திருக்கும். அதில் 298 இருந்தால் 74.5. மகனிடம் 241 இருக்கிறது. ஆகவே மீதி 60-ல் 57-க்குப் போயாக வேண்டும். மூன்று பீரியட் வரை தவறலாம். ஒரு நாள் முழுக்க விடுப்பு எடுத்தால் ஏழு பீரியட் போய், 294-ல் நின்று, 74 ஆகிவிடும். தீபாவளிக்கு முந்தைய நாள், பிந்தைய நாள் என்று பிள்ளைகள் சேர்த்து எடுக்கும் விடுப்பு இந்த மாதிரி நேரத்தில்தான் கழுத்தை நெரிக்கும்.

74-க்கு இறங்கினாலும் கதை முடிந்துவிடாது. 65-லிருந்து 74 வரை உள்ளவர்களுக்கு, நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டி ஆகிய காரணங்களுக்காகத் தேர்வெழுத அனுமதி உண்டு. மருத்துவச் சான்றிதழில் முதல்வர் சான்றொப்பமிட்டு, அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பதிவுக்குப் போக வேண்டும். பலருக்குச் சிக்கல் வருவது இந்தச் சான்றிதழில்தான். பையன் வராத தேதி ஒன்று, சான்றிதழில் உள்ள தேதி வேறொன்று என்று இருக்கும். அல்லது வருகைக் கணக்கை முடித்து அனுப்பிய பிறகு, தெருமுனை கிளினிக்கில் வாங்கிய ஒரு தாளோடு அப்பா வந்து நிற்பார். டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவு, டாக்டர் சான்றிதழ் மூன்றையும் இந்த வாரமே துறைத்தலைவரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 75 வந்துவிடும் என்று தோன்றினாலும் கொடுத்து வையுங்கள்.

65-க்குக் கீழே போனால் மட்டும் எந்தச் சான்றிதழும் உதவாது. தேர்வெழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. மூன்றாம் செமஸ்டர் ஜூலையை ஒட்டித் தொடங்கும் ஒற்றைப்படை செமஸ்டர். அது ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும் என்பதால் இழப்பது ஆறு மாதமல்ல, முழு ஆண்டு. அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார வேண்டும். மறுசேர்க்கைக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பித்து ஆணை வாங்க வேண்டும். கல்லூரி திறந்த பிறகு அலையாமல் மே மாதமே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இடையில் விதிமுறை மாறியிருந்தால், முன்பு படித்த பாடங்களுக்கும் புதிய பாடத்திட்டத்துக்கும் ஈக்விவலன்ஸ், அதாவது எது எதற்குச் சமம் என்று பார்ப்பார்கள். இல்லாத பாடத்தைக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.

*

ஐந்து அரியர் (இன்னும் பாஸ் ஆகாத பாடம்) இருக்கிறது. ஏழாம் செமஸ்டருக்கு விடுவார்களா? ஹைதராபாத்தில் படிக்கும் நண்பனை கிரெடிட் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.
மாணவர், திண்டுக்கல்

விடுவார்கள். ஹைதராபாத் ஜே.என்.டி.யு. பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டுக்குப் போகக் குறிப்பிட்ட அளவு கிரெடிட் (பாஸ் செய்த பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி) சேர்த்திருக்க வேண்டும். இங்கே இணைப்புக் கல்லூரிகளில் அப்படியில்லை. வருகை இருந்தால் அரியர் எத்தனை இருந்தாலும் மேலே போகலாம். இதை நாங்கள் சலுகை என்று சொல்ல மாட்டோம். தடுப்பார் யாருமில்லாததால் இரண்டாம் ஆண்டுக் கணிதம் நான்காம் ஆண்டு வரை கூடவே வரும். அந்த நேரத்தில் கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் கேட்கும் முதல் கேள்வியே ஸ்டாண்டிங் அரியர் உண்டா என்பதுதான்.

*

2023-ல் சேர்ந்தேன். ஒரு பாடத்தில் இன்டர்னல் 40-க்கு 38. செமஸ்டர் தேர்வில் 43. கூட்டினால் 63 வருகிறது. ஆனால் ஃபெயில் என்று வந்திருக்கிறது. கணினிக் கோளாறா?
மாணவி, விருதுநகர்

கோளாறு இல்லை. 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. நூற்றுக்கு எழுதும் தேர்வை அறுபதுக்குச் சுருக்குகிறார்கள். உங்கள் 43, 25.8 ஆகிறது. 38-ஐச் சேர்த்தால் 63.8. கூட்டலில் 50 தாண்டிவிட்டீர்கள். ஆனால் நிபந்தனை இரண்டு. மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னல் 40-க்கு 40 வாங்கினாலும் தேர்வில் 44 எடுத்தால் ஃபெயில்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். இன்டர்னல் 15 தான் என்றால் தேர்வில் 45 போதாது. 60-க்கு 35 வேண்டும், அதாவது நூற்றுக்கு 59. இன்டர்னல் 23-க்குக் கீழே உள்ளவர்களுக்கெல்லாம் இலக்கு 45-ஐத் தாண்டிவிடும். தேர்வுக்கு உட்காரும் முன் ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த எண்ணைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உங்களுக்கு இரண்டு மார்க்தான் தேவை என்பதால் விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கள். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும், மறுமதிப்பீடு கேட்டவர்தான் அதற்கடுத்த ரிவ்யூவுக்குப் போக முடியும். ஒரு படியைத் தவறவிட்டால் மேலே வழி இல்லை. ஒவ்வொரு படிக்கும் கெடு சில நாட்கள்தான், அதனால் ரிசல்ட் வந்த அன்றே கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். நகல் கைக்கு வந்ததும் முதலில் கூட்டிப் பாருங்கள். பகுதி ஏ-யில் பத்துக் கேள்விக்கு 20, பகுதி பி-யில் ஐந்துக்கு 65, பகுதி சி-யில் ஒன்றுக்கு 15. உள்பிரிவுகளின் மார்க்கைச் சேர்த்தால் முன்பக்கக் கட்டத்தில் உள்ள எண் வருகிறதா? கடைசிப் பக்கங்களில் எழுதிய விடைக்கு மார்க் போட்டிருக்கிறார்களா? கேள்வி எண் மாற்றி எழுதிய விடை திருத்தப்படாமல் அப்படியே நிற்கிறதா? அதன் பிறகு பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். மார்க் கூடும் என்று அவர் சொன்னால் பணம் கட்டுங்கள். லேபுக்கும் ப்ராஜெக்டுக்கும் மறுமதிப்பீடு கிடையாது.

மறுமதிப்பீட்டு முடிவுக்குக் காத்திருந்து அரியர் தேர்வுக்கான பதிவைத் தவறவிடாதீர்கள். அந்தத் தேதி யாருக்காகவும் நிற்காது.

*

2020 பேட்ச். கணிதத்தில் ஒரே ஒரு அரியர். இன்டர்னல் 20-க்கு 6 தான். இரண்டு முறை எழுதிவிட்டேன், 52-ம் 53-ம் வந்தும் பாஸ் ஆகவில்லை. இன்னும் எத்தனை நாள் எழுதலாம்? ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடைக்குமா?
முன்னாள் மாணவர், கோவில்பட்டி

உங்களுக்கு 2017 விதிமுறை. அதில் இன்டர்னல் 20, தேர்வு 80. இன்டர்னல் 6 இருக்கும்போது தேர்வில் 80-க்கு 44, அதாவது நூற்றுக்கு 55 வேண்டியிருந்தது. அதனால்தான் 53-ம் போதவில்லை. ஆனால் மூன்றாவது முறையிலிருந்து, இன்டர்னல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தேர்வில் மட்டும் 50 எடுத்தால் பாஸ். போன முறை எடுத்த அதே மார்க் இப்போது போதும். இது தெரியாமல் அரியரைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

சேர்ந்ததிலிருந்து 14 செமஸ்டர், அதாவது ஏழு ஆண்டு கெடு. 2020-ல் சேர்ந்தவருக்கு 2026-27 கல்வியாண்டோடு அது முடிகிறது. டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு 12 செமஸ்டர். கெடு தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் எப்போதாவது சிறப்பு வாய்ப்பு தருவதுண்டு. 2001-02 காலத்து மாணவர்களுக்குக்கூட ஒரு முறை கதவு திறந்தது. ஆனால் அது உரிமையல்ல, அடுத்து எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடைக்காது. அதற்கு ஐந்து ஆண்டுக்குள் எல்லாப் பாடமும் முடித்திருக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி) எவ்வளவு இருந்தாலும் இனி செகண்ட் கிளாஸ்தான். பட்டம் பட்டம்தான், எழுதி முடியுங்கள்.

*

ஆறாம் செமஸ்டர். இதுவரை அரியர் இல்லை, சி.ஜி.பி.ஏ. 8.7. தேர்வு நேரத்தில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தேர்வு எழுத முடியாது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாமா?
மாணவி, கும்பகோணம்

விடாதீர்கள். பதிவு செய்த தேர்வுக்கு வராமல் இருந்தால், வகுப்பு நிர்ணயிக்கும்போது நீங்கள் அந்தத் தேர்வை எழுதியதாகவே கணக்கு. முதல் முயற்சியிலேயே எல்லாம் பாஸ் என்ற நிபந்தனை அத்தோடு போய்விடும், ஃபர்ஸ்ட் கிளாஸுக்கும் மேலான டிஸ்டிங்ஷனும் போய்விடும்.

இதற்காகவே வித்ட்ராயல் என்ற வசதி இருக்கிறது. முறைப்படி விலகினால் அது ஒரு முயற்சியாக எண்ணப்படாது. அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்து, சி.ஜி.பி.ஏ. 8.50-க்குக் குறையாமல் இருந்தால் டிஸ்டிங்ஷன் அப்படியே நிற்கும். தேர்வெழுதத் தேவையான வருகை உங்களுக்கு இருக்க வேண்டும். விலக நினைக்கும் தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களுக்குள், முதல்வரின் பரிந்துரையோடு விண்ணப்பம் போக வேண்டும். மருத்துவமனை தந்த தேதிக் கடிதத்தை இணைத்துவிடுங்கள். படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. ஆகவே எழுத முடியாத இரண்டு பாடத்தையும் ஒரே விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். சரியாகப் படிக்காத பாடத்துக்கு இதை நான்காம் செமஸ்டரிலேயே செலவழித்துவிட்டு, உண்மையான தேவை வரும்போது கையைப் பிசைபவர்களும் உண்டு.

*

குடும்பச் சூழலால் ஒரு வருடம் படிப்பை நிறுத்த வேண்டும். சும்மா நின்றுவிட்டு அடுத்த வருடம் சேர்ந்துகொள்ளலாமா?
மாணவர், ஆரணி

சும்மா நின்றால் வருகைக் குறைவு என்றுதான் பதிவாகும். முன்கூட்டியே விண்ணப்பித்து, அனுமதி பெற்ற இடைவெளியாக ஆக்கிக்கொள்ளுங்கள். கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்தின் கல்விசார் பாடப்பிரிவுகள் மைய இயக்குநருக்கு அது போக வேண்டும். அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதியைத் தாண்டக் கூடாது. பொதுவாக ஒரு முறை, அதிகபட்சம் ஓராண்டு. அனுமதி பெற்ற இடைவெளி டிஸ்டிங்ஷனைக் கெடுக்காது. வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போனால் கெடும். இரண்டுக்கும் ஓராண்டுதான் செலவு, டிஸ்டிங்ஷனில் மட்டும் வித்தியாசம்.

*

எலெக்டிவ் (விருப்பப்) பாடத்துக்குப் பதில், ஐ.ஐ.டி.கள் இணையவழியில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றை முடித்தேன். மொத்தம் 45 வந்தும் சான்றிதழ் இல்லை என்கிறார்கள்.
மாணவர், ஓசூர்

அங்கேயும் இரட்டை நிபந்தனைதான். அசைன்மென்ட் 25-க்கு 10, நேரில் போய் எழுதும் தேர்வு 75-க்கு 30. இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். உங்களுக்கு அசைன்மென்ட் 20, தேர்வு 25 என்பதுபோல வந்திருக்கும். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டைத்தான் எடுப்பதால் அந்தப் பக்கம் யாரும் தோற்பதில்லை, தேர்வில்தான் தோற்கிறார்கள். அடுத்த முறை 12 வாரப் பாடமாகவே எடுங்கள்; மூன்று கிரெடிட் அதற்குத்தான். எட்டு வாரத்துக்கு இரண்டு, நான்கு வாரத்துக்கு ஒன்று. பாடத்தில் சேர்வது இலவசம் என்றாலும் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். சேரும் முன்பே, இந்தப் பாடத்தை இந்த எலெக்டிவுக்கு மாற்றாக ஏற்கிறோம் என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முடித்த பிறகு கேட்டால், பாடத்திட்டம் ஒத்துவரவில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள்.

*

நான் தன்னாட்சிக் கல்லூரி. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?
மாணவர், பெருந்துறை

பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது, விதிமுறைப் புத்தகம் உங்கள் கல்லூரியுடையது. இன்டர்னல் விகிதம், மறுதேர்வு, அரியர் வரம்பு எல்லாம் மாறலாம். கல்லூரி இணையதளத்தில் நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷனை இறக்கி, வருகை, தேர்ச்சி, வகுப்பு நிர்ணயம் ஆகிய மூன்று பிரிவுகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் இருக்காது.