ஜோடி இல்லாமல் ஸ்விங் நடன வகுப்புக்குப் போகலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை தனியாகப் போய், ஜோடி இல்லாமல் அசிங்கப்படுவேனோ என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. தாராளமாகப் போங்கள். பெரும்பாலான வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூட ஆடும் ஆளை மாற்றிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியது சப்பாத்து. முதல் நாள் நான் கித்தா (ரப்பர்) அடி வைத்த சப்பாத்தோடு போனேன். கால் தரையைக் கவ்விக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. இரண்டு நாள் முட்டி வலி. வழுவழுப்பான தோல் அடி நல்லது.

அப்புறம் கூட ஆடுபவரின் கையைப் பிடிக்கும் விதம். விரல்களைக் கொக்கி மாதிரி வளைத்தால் போதும், கட்டைவிரலால் நசுக்காதீர்கள். 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின மக்கள் உருவாக்கிய லிண்டி ஹாப் என்ற ஸ்விங் நடனத்தில், தாளத்துக்கு ஆறு எண்ணி ஆடும் அசைவு, எட்டு எண்ணி ஆடும் அசைவு இரண்டும் வரும். முதலில் குழம்பத்தான் செய்யும். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வியர்வைக்கு இரண்டு.