மாஹேயும் ஏனாமும் ஏன் புதுச்சேரி மக்களவைத் தொகுதியில் வருகின்றன?

மக்களவைத் தொகுதி என்பது ஒரு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் பகுதி. அது ஒட்டினாற்போல்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் முள்ளோடையிலேயே புதுச்சேரி தொடங்கிவிடும். ஆனால் அதே தொகுதியைச் சேர்ந்த மாஹே கேரளத்துக்குள்ளும், ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருக்கின்றன!

காரணம் பிரெஞ்சு ஆட்சிதான். அவர்கள் வைத்திருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கு துண்டுகள் 1954இல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்து, 1962இல் சட்டப்படி சேர்ந்தன. நான்கும் ஒரே யூனியன் பிரதேசம் என்பதால் மக்களவைத் தொகுதியும் ஒன்றுதான். பிள்ளைகள் நாலு ஊரில் இருந்தாலும் ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருப்பதில்லையா, அப்படித்தான்.

சட்டமன்றத் தொகுதிகள் மொத்தம் 30: புதுச்சேரி 23, காரைக்கால் 5, மற்ற இரண்டுக்கும் தலா 1. அப்புறம், மாஹேக்காரர்கள் கேரள எம்.பி.க்கு வாக்களிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவர்கள் வாக்களிப்பது புதுச்சேரி எம்.பி.க்குத்தான்.