பாட்டிஞ்சரின் மூன்றாண்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய வழிப்பறிக்காரன் பென் ஹால் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் காவல் ஆய்வாளர் சர் ஃபிரெடெரிக் பாட்டிஞ்சர் ஒவ்வொரு முறையும் கொள்ளையரைக் கோட்டைவிடுபவராக மட்டுமே வந்து போகிறார். அவர் உண்மையிலேயே அவ்வளவு திறனற்றவரா? சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஹென்றி பாட்டிஞ்சருக்கு அவர் உறவா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உறவுதான். ஹாங்காங்கின் முதல் ஆளுநராகவும், 1848 முதல் 1854 வரை சென்னை மாகாண ஆளுநராகவும் இருந்த ஹென்றி பாட்டிஞ்சரின் மகன் அவர். 1831-இல் இந்தியாவில் பிறந்து, இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படித்து, பிரிட்டிஷ் ராணுவத்தின் கிரெனடியர் காவற்படையில் அதிகாரியாக இருந்தவர். தந்தை 1856-இல் இறந்தபோது பாரனட் என்ற பரம்பரைப் பட்டம் அவருக்கு வந்தது. குதிரைப் பந்தயத்தில் செல்வத்தைத் தொலைத்துவிட்டு நியூ சவுத் வேல்ஸுக்குக் கப்பலேறினார். தங்க வயல்களிலும் ஒன்றும் தேறாததால், பட்டத்தை மறைத்துக்கொண்டு சாதாரணக் குதிரைக் காவலராகச் சேர்ந்து, தங்கம் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குத் துணையாகச் சென்றுவந்தார். 1860-இல் அவர் யார் என்பது காவல்துறைத் தலைமைக்குத் தெரியவந்ததும் பதவிகள் விரைந்து வந்தன. திறமையைவிடப் பட்டமே அவரை உயர்த்தியது என்று அக்காலத்தவர் பேசியதில் நியாயம் உண்டு.

1862-இல் புதிய காவல் சட்டம் நடைமுறைக்கு வந்து, தனித்தனியாக இயங்கிய காவற்படைகள் சிட்னியிலிருந்து ஆளப்படும் ஒரே படையாக இணைக்கப்பட்டன. பாட்டிஞ்சர் மேற்கு மாவட்டத்தின் ஆய்வாளரானார். லாக்லன் ஆற்றுப் பகுதியில் கொள்ளையர் அந்த மண்ணிலேயே வளர்ந்த, குதிரை மேய்ப்பைத் தொழிலாகக் கொண்ட இளைஞர்கள். அவர்கள் ஏறிவந்தவை திருடப்பட்ட உயர்சாதிப் பந்தயக் குதிரைகள். காவலர்களிடமோ அவற்றுக்கு ஈடுகொடுக்கும் குதிரைகளும் இல்லை, காட்டைப் பற்றிய அறிவும் இல்லை. இந்த நிலையில் எந்த ஆய்வாளரும் திணறியிருப்பார்.

1862 ஜூன் 15 அன்று அப்பகுதியின் யூகவுராவில் கொள்ளையன் ஃபிராங்க் கார்டினரின் கூட்டம் தங்க வண்டியை மறித்து ஏறத்தாழ 2,700 அவுன்ஸ் தங்கத்தையும் 3,700 பவுண்டு ரொக்கத்தையும் கொள்ளையடித்தது. பாட்டிஞ்சர் தடம் பிடித்து வாரக்கணக்கில் தொடர்ந்து சென்றார். திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட மூன்று இளைஞர்களை நிறுத்தி, அவர்களில் ஒருவனிடம் அவன் ஏறியிருந்த குதிரையை வாங்கியதற்கான ரசீதைக் கேட்டார். ரசீதை எடுப்பதுபோலக் காட்டிய அவன் குதிரையைத் தட்டிவிட்டுப் பறந்துவிட்டான். அவன்தான் கார்டினர் கூட்டத்தைச் சேர்ந்த ஜானி கில்பர்ட். எஞ்சிய இருவரும் கைதானார்கள். ஆனால் கில்பர்ட் கூட்டாளிகளுடன் திரும்பிவந்து தாக்கி அவர்களை மீட்டுச் சென்றான். மீட்கப்பட்டவர்களில் ஒருவனான ஹென்றி மேன்ஸ் பின்னர் மீண்டும் பிடிபட்டு 1863 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டான். இந்தப் பயணத்தில் பாட்டிஞ்சர் காட்டிய விடாமுயற்சியை எவரும் மறுக்க முடியாது. சோம்பேறி, கோழை என்ற பழிகள் அவருக்குப் பொருந்தா.

நீங்கள் கேட்கும் திறமையின்மையின் உண்மையான இடம் வேறு. 1862 ஆகஸ்டில் ஓர் இரவு, கார்டினரின் காதலி கேட் பிரவுன் வசித்த வீட்டைப் பாட்டிஞ்சரின் ஆட்கள் சூழ்ந்து பதுங்கியிருந்தனர். கார்டினர் குதிரையில் நெருங்கி வந்தபோது பாட்டிஞ்சர் விசையை அழுத்தினார். துப்பாக்கி வெடிக்கவில்லை, கார்டினர் இருளில் தப்பினான். செய்தித்தாள்களும் நாட்டுப்பாடல்களும் சிரித்தது இந்த நிகழ்ச்சியைக் கண்டுதான். ஆனால் துப்பாக்கி வெடிக்காதது யாருக்கும் நேரக்கூடிய விபத்து. அடுத்த நாள் அவர் செய்ததையே நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கொள்ளையருக்கு உடந்தை என்ற சந்தேகத்தில் ஒரு சிறுவனைக் கைதுசெய்தார். அவன் 1863 மார்ச்சில் சிறையிலேயே காய்ச்சலில் இறந்துபோனான். லாக்லன் குடியானவர்கள் அதை மறக்கவில்லை.

பென் ஹாலின் விஷயமும் இதுவே. 1862 ஏப்ரலில் வழிப்பறிக் குற்றச்சாட்டின் பேரில் பாட்டிஞ்சர் அவனைக் கைதுசெய்தபோது, அவன் சாண்டி கிரீக்கில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவன். நீதிமன்றம் விடுதலை செய்தது. யூகவுராவுக்குப் பின் மீண்டும் பிடித்து அடைத்தார்கள். சாட்சியம் போதாமல் மீண்டும் விட்டார்கள். பிறகு அவன் வீடும் காவலர்களால் எரிக்கப்பட்டது. ஹால் ஒன்றும் அறியாதவன் என்று நான் சொல்லவில்லை. யூகவுராவில் அவன் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் குற்றத்தின் விளிம்பில் நின்ற ஒருவனுக்குத் திரும்பிவர ஒரு வீடுகூட இல்லாமல் செய்ததும், ஒரு வட்டாரம் முழுவதையும் கொள்ளையரின் உறவுக்கூட்டமாகவே கண்டதும் பாட்டிஞ்சரின் பெரும்பிழைகள். தகவல் தரக்கூடிய வாய்களை அவரே அடைத்துவிட்டு, தகவலில்லாமல் மலை மலையாக அலைந்தார்.

அவருடைய முடிவு விரைவாக வந்தது. 1865 ஜனவரியில் காவல்துறை விதியை மீறி வவிங்ரகாங் குதிரைப் பந்தயத்தில் தாமே சவாரி செய்தார். கொள்ளையரை வெளியே இழுப்பதற்காகவே அவ்வாறு செய்ததாக விளக்கினார். பிப்ரவரி 16 அன்று பதவி நீக்கப்பட்டார். அவருக்கு ஆதரவாக லாக்லன் கரையிலுள்ள ஃபோர்ப்ஸ் நகரில் கண்டனக் கூட்டம் நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அவரை மதித்தவர்களும் அங்கே இருந்தார்கள். மார்ச்சில் சிட்னிக்குப் போகும் வழியில், நீல மலைத்தொடரில் ஒரு விடுதி வாசலில், நகரத் தொடங்கிய வண்டியில் தாவி ஏறும்போது தம்முடைய கைத்துப்பாக்கியே வெடித்துக் காயமுற்று, ஏப்ரல் 9 அன்று இறந்தார்.

மே 5 அன்று விடியற்காலையில் ஃபோர்ப்ஸுக்கு அருகே உதவி ஆய்வாளர் டேவிட்சனின் குழு பென் ஹாலைச் சுட்டுக் கொன்றது. யூகவுராவில் தங்க வண்டிக்குக் காவலாகச் சென்று காயம்பட்ட சார்ஜென்ட் கோண்டெல் அந்தக் குழுவில் இருந்தார். பில்லி டார்கின் என்ற பூர்வகுடித் தடம்பிடிப்பவரும் இருந்தார். ஹால் பதுங்கியிருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் அவனுக்கு அடைக்கலம் தந்துவந்தவன். அப்போது ஹாலின் தலைக்கு 1,000 பவுண்டு பரிசு இருந்தது. அடைக்கலம் தருவோருக்கு 15 ஆண்டுகள் வரை சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கும் சட்டமும் அந்த ஏப்ரலில் நிறைவேறியிருந்தது. பாட்டிஞ்சருக்கு மூன்றாண்டுகளில் கிட்டாத தகவலைப் பணமும் அச்சமும் சேர்ந்து டேவிட்சனுக்குப் பெற்றுத்தந்தன.