ஒரே களிமண்ணுக்கு இரண்டு இரும்புக் கணக்கு ஏன்?

கேள்வி: அம்பத்தூரில் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே லோடு சைனா கிளேயில் இரும்பு ஆக்சைடு 0.7 சதவீதம் என்கிறது ஒரு லேப், 1.4 என்கிறது இன்னொன்று. இரண்டுமே டைட்ரேஷன் முறைதானாம். எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்பாதீர்கள். மண்ணை எப்படிக் கரைத்தார்கள், இரும்பை எதனால் ஒடுக்கினார்கள் என்று இரண்டு லேபிலும் கேளுங்கள். இந்த டைட்ரேஷனில் கரைந்த இரும்பை முதலில் ஒடுக்குவார்கள், அதாவது ஃபெரிக் வடிவிலிருந்து ஃபெரஸ் வடிவுக்கு மாற்றுவார்கள்; பிறகு வலிமை தெரிந்த டைகுரோமேட் கரைசலைச் சொட்டாக விட்டு, எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து இரும்பைக் கணக்கிடுவார்கள்.

வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் சிலிகேட்டுக்குள் இருக்கும் இரும்பு வெளியே வராது, கணக்கு குறையும். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் சிலிக்காவை ஓட்டிவிட்டு, மிச்சத்தைப் பைரோசல்பேட் என்ற உப்போடு உருக்க வேண்டும். பட்டறையில் இதை முயலவே வேண்டாம். அந்த அமிலம் தோல்வழி இறங்கி எலும்பைத் தாக்கும்.

என் சந்தேகம் டைட்டானியத்தின் மேல்தான். சைனா கிளேயில் அது பெரும்பாலும் இருக்கும். துத்தநாகத்தால் ஒடுக்கினால் இரும்போடு அதுவும் ஒடுங்கி, இரும்பாகவே கணக்கில் ஏறும். டைட்டானியம் டைஆக்சைடின் சமான எடை (ஒரே அளவு டைகுரோமேட்டைச் செலவழிக்கும் எடை) 79.9, இரும்பு ஆக்சைடுக்கு 79.85. ஆகவே 0.7 சதவீத டைட்டானியம் டைஆக்சைடு இருந்தால் 0.7 இரும்பு ஆக்சைடு 1.4 ஆகத் தெரியும். துத்தநாகத்துக்குப் பதில் ஸ்டானஸ் குளோரைடால் ஒடுக்கினால், அது டைட்டானியத்தைத் தொடாது. சூடான கரைசலில் இரும்பின் மஞ்சள் மறையும்வரை அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு சொட்டு மட்டும் கூடுதலாக விட வேண்டும். ஆறியபின், மிஞ்சிய ஸ்டானஸ் குளோரைடை அகற்ற மெர்குரிக் குளோரைடு சேர்த்தால் பட்டுப்போல் வெண்படிவு வரும். சாம்பல் நிறமானால் பாதரசம் பிரிந்துவிட்டது; அதுவும் டைகுரோமேட்டைத் தின்னும். அந்தக் கரைசலைக் கழிவுக் கலத்தில் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், சிங்க்கில் கொட்டக் கூடாது.

டைகுரோமேட்டின் வலிமையையும் கேளுங்கள். 1 கிராம் மண்ணுக்கு ஐம்பதில் ஒரு நார்மல் கரைசல் (நார்மல் என்பது வலிமையின் அலகு; இது லிட்டருக்கு 0.9806 கிராம்) பொருத்தம். அதில் 1 மில்லி, 1.597 மில்லிகிராம் இரும்பு ஆக்சைடைக் காட்டும், 0.7 சதவீதத்துக்குச் சுமார் 4.4 மில்லி இறங்கும். பத்தில் ஒரு நார்மலில் 1 மில்லிகூட இறங்காது. ஒரு சொட்டுத் தவறினால் நூற்றுக்கு ஆறு பிழை.

ஏஜென்ட் கையில் சாம்பிளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மேல் மூட்டையில் நல்ல மண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள். பத்து மூட்டையிலிருந்து நீங்களே எடுத்துக் கலந்து, நாலாகப் பங்கிட்டு, சீல் வைத்து லேபில் நேரே கொடுங்கள். ரிப்போர்ட்டில் வெறுமனே "இரும்பு" என்று போட்டிருந்தால் அது ஆக்சைடு அல்ல, 1.43 ஆல் பெருக்குங்கள். 0.7 அப்போதே 1.0 ஆகிவிடும்.

எந்த முறையில் சோதித்தோம் என்பதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்று லேப்களுக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 17025 சொல்கிறது. ஆனாலும் ஒரு எண்ணும் ஒரு முத்திரையும் மட்டுமே வருகின்றன. காசு கொடுத்தவர் முறையைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருப்பது அநியாயம். சொல்ல மறுக்கும் லேபை விட்டுவிட்டு, 110 டிகிரியில் காயவைத்த மண்ணில் இரும்பு, டைட்டானியம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கும் இடத்தில் சோதியுங்கள்.